படம் தேடும் பெட்டியும் பெங்களூரா மாங்காயும்

டிஸ்கி: இது கொஞ்சம் பொட்டி தட்டுற சமாச்சாரம். நிரல், கிரல் எல்லாம் அலர்ஜி என்பவர்கள் நடுவுல நாலஞ்சு பத்தியைத் தாண்டிடுங்க. மாங்காய் வர்ற இடத்துல மறுபடி சேர்ந்துக்கலாம்.

என் மச்சான் போச்சம்பள்ளியில் டிடிபி கடை வெச்சிருக்கார். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கடை திறப்பு, கண்ணீர் அஞ்சலி, எதுவா இருந்தாலும் சுத்துப்பட்டு ஊர்க்காரங்க அவர்கிட்டதான் வரணும். ஞாயித்துக்கிழமை சந்தை அன்னிக்குக் கடையில நிக்க இடம் இருக்காது. முன்னெல்லாம் பத்திரிகை அடிச்சாங்க, அப்புறம் ஃப்ளெக்ஸ் வந்துச்சு, இப்போ "வாட்ஸ்அப்புல அனுப்புற மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்கண்ணா"ங்கறாங்க. அதுக்கு அவரால காசு கேட்கவும் முடியலை, கேட்காம இருக்கவும் முடியலை.

"மாப்ள, நீதான் ஓசூர்ல கம்ப்யூட்டர் பக்கத்துலயே உக்காந்திருக்கியே, அவனுங்களே போட்டுக்கற மாதிரி ஒரு ஆப் பண்ணிக் குடேன்"னார். நான் உக்காந்திருக்கிறது சிப்காட்ல ஒரு கம்பெனியோட தரக்கட்டுப்பாட்டு மேசை. அதை அவருக்கு விளக்கி முடியாது. ஆனா வாரம் ஒருநாள் லீவுல கிருஷ்ணகிரியில பஸ் மாறி நாகரசம்பட்டிக்கு வந்து, திண்ணையில லேப்டாப்பை வெச்சு ஃப்ளட்டர்ல எதையாவது கட்டிக்கிட்டு இருக்கிறது எனக்குப் பொழுதுபோக்கு. சரின்னு ஆரம்பிச்சாச்சு. பேர் போட ஒரு இடம், தேதி போட ஒரு இடம், பின்னாடி ஒரு படம். அவ்வளவுதான் ஆப்.

அந்தப் "பின்னாடி ஒரு படம்"தான் மூணு மாசம் சாப்பிட்டுது.

மச்சானோட வழி ரொம்ப சுலபம். கூகுள்ல தேடுவார், நல்லா இருக்கிறதை எடுப்பார், ஓரத்துல எவன் பேராவது இருந்தா போட்டோஷாப்ல அழிப்பார். நம்ம ஊர்ல 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம்னு ஒண்ணு இருக்கு, ஒரு புகைப்படத்தோட உரிமை எடுத்தவன் காலம் முழுக்க, அவன் செத்து அறுபது வருஷம் வரைக்கும் உண்டுன்னு சொன்னேன். "போச்சம்பள்ளி வரைக்கும் எவன் வரப்போறான்?"னார். நியாயமான கேள்விதான். ஃப்ளெக்ஸுக்கு எவனும் வரமாட்டான். ஆனா ப்ளே ஸ்டோர்ல போடற ஆப் போச்சம்பள்ளியில இல்லையே. அதனால, முறையா அனுமதி இருக்கிற படங்களை ஆப்புக்குள்ளயே தேடி எடுக்கற மாதிரி ஒரு பெட்டி வைக்கிறதுன்னு முடிவு.

இந்தப் பெட்டியைத்தான் பொட்டி தட்டறவங்க பாஷையில காம்போனென்ட்ங்கறாங்க. மேல ஒரு தேடற கட்டம், கீழே ரெண்டு வரிசையா குட்டிப் படங்கள், விரலால தள்ளத் தள்ள இன்னும் வரும், ஒண்ணைத் தொட்டா கார்டுக்குப் பின்னாடி போய் உக்காரும். படங்கள் நம்மகிட்ட இல்லை. அன்ஸ்ப்ளாஷ், பெக்ஸெல்ஸ், பிக்ஸாபே மாதிரி தளங்கள் ஏபிஐன்னு ஒரு ஜன்னலைத் திறந்து வெச்சிருக்காங்க. நாம வார்த்தையைக் குடுத்தா அவங்க படங்களோட முகவரியைக் குடுப்பாங்க.

இந்த அன்ஸ்ப்ளாஷ் கதை நம்ம ஆட்களுக்குப் பிடிக்கும். 2013ல மான்ட்ரியல்ல ஒரு சின்னக் கம்பெனி, தன் இணையதளத்துக்காக எடுத்த படங்கள்ல மிச்சமானதை ஒரு டம்ப்ளர் பக்கத்துல இலவசமாப் போட்டுது. பத்து நாளைக்குப் பத்துப் படம். நாம பதிவு போட்டுட்டு எவனாவது பின்னூட்டம் போடுவானான்னு பார்ப்போமே, அதே மாதிரிதான். அது வளர்ந்து, 2021ல கெட்டி இமேஜஸ் வாங்கிடுச்சு. பெக்ஸெல்ஸையும் பிக்ஸாபேயையும் 2019லயே கான்வா வாங்கியாச்சு. ஆக, இலவசக் கடைகளுக்கு இப்போ பெரிய முதலாளிகள்தான் சொந்தக்காரங்க. படம் இன்னும் இலவசம்தான், ஆனா ஒவ்வொரு கடைக்கும் ஒரு விதி.

விதிகள் எதுக்கு எது எதிர்னு பார்த்தா சிரிப்பா வரும். அன்ஸ்ப்ளாஷ், "படத்தை எங்க சர்வர்ல இருந்தே நேரடியாக் காட்டு, நகல் எடுத்து உன்கிட்ட வெச்சுக் காட்டாதே"ங்குது. பிக்ஸாபே, "நிரந்தரமா எங்க சர்வர்ல இருந்து இழுக்காதே, உன் சர்வருக்கு இறக்கிக்கோ, தேடின விடையையும் 24 மணி நேரம் சேமிச்சு வை"ங்குது. முதல் ஆளுக்கு ஒரு காரணம் உண்டு. படம் எடுத்தவனுக்குக் காசு கிடையாது, எத்தனை பேர் பார்த்தாங்க, எத்தனை பேர் எடுத்தாங்கங்கற எண்ணிக்கைதான் கூலி. நேரா இழுத்தாதான் எண்ண முடியும். அதே காரணத்துக்காக, யாராவது படத்தைத் தேர்ந்தெடுத்ததும் தனியா ஒரு முகவரிக்கு "எடுத்தாச்சு"ன்னு ஒரு சத்தம் குடுக்கணும். இந்த ஒரு வரி நிரலை எழுதாம எத்தனை ஆப் இருக்கோ! எழுதலைன்னா ஒண்ணும் உடையாது, ஆப் நல்லாவே ஓடும். எங்கேயோ ஒருத்தனுக்கு ஒரு எண் ஏறாது, அவ்வளவுதான். ஹிட் கவுன்ட்டரைப் பார்த்துப் பார்த்து ராத்திரி தூங்காத ஆளுங்க நாம, நமக்கு அந்த எண்ணோட அருமை தெரியும் :-)

சரி, தமிழுக்கு வர்றேன்.

அன்ஸ்ப்ளாஷ்ல சோதனை நிலையில் இருக்கிற ஆப்புக்கு ஒரு மணி நேரத்துக்கு 50 கேள்விதான் அனுமதி. "மாம்பழம்"னு எழுதிப் பாருங்க. நம்ம கணக்குக்கு அஞ்சு எழுத்து. யூனிகோட் கணக்குல எட்டு: ம, கால், ம, புள்ளி, ப, ழ, ம, புள்ளி. ஒவ்வொரு தட்டலுக்கும் தேடப் போனா ஒரு மாம்பழத்துக்கு எட்டுக் கேள்வி. ஆறு வார்த்தை தேடினா 48. ஏழாவது வார்த்தையில கதவைச் சாத்திடுவான். மச்சான் ஒரு டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள அந்த மணி நேரக் கோட்டா காலி. அதனால, தட்டறது நின்னு அரை விநாடி ஆனப்புறம்தான் தேடவே போகணும்னு பெட்டிக்குச் சொல்லி வைக்கணும். ஆங்கிலத்துக்கு எழுதின உதாரணங்கள்ல இதைக் கால் விநாடின்னு வெச்சிருப்பாங்க. தமிழ்ல தங்கிலீஷ் விசைப்பலகையில அடிக்கிறவங்க நடுவுல நின்னு, சரியான சொல் மேல வந்திருக்கான்னு பார்த்துத் தொடுவாங்க. கால் விநாடி பத்தாது. கடையில நாலு பேரை அடிக்க விட்டுப் பார்த்துத்தான் அரைன்னு வெச்சேன்.

அடுத்தது நம்ம பழைய தலைவலி. திஸ்கி, டாப், பாமினின்னு அடிபட்டு யூனிகோடுக்கு வந்தோம், எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைச்சோம். இ-கலப்பை காலத்து ஆட்களுக்குச் சொல்லவே வேணாம். "கொய்யா"வில இருக்கிற கொ-வை ரெண்டு விதமா எழுதலாம். கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியா ஒண்ணு, ஒற்றைக் கொம்பு தனி, கால் தனின்னு ரெண்டு குறியா இன்னொண்ணு. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். கணினிக்கு வேற வேற. எங்கேயோ இருந்து வெட்டி ஒட்டின "கொய்யா" என் பட்டியல்ல இருக்கிற "கொய்யா"வோட பொருந்தாது. தேடறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஒரே வடிவத்துக்கு மாத்திக்கணும், யூனிகோட்ல அதுக்குன்னே என்எஃப்சின்னு ஒரு முறை இருக்கு. கோயிலா கோவிலாங்கறதுக்கு மட்டும் எந்த முறையும் கிடையாது, ரெண்டையும் பட்டியல்ல சேர்த்துக்க வேண்டியதுதான்.

என்ன பட்டியல்னு கேட்கறீங்களா? பிக்ஸாபேக்குத் தமிழ் தெரியாது. பிக்ஸாபே ஏபிஐ விவரத்துல மொழிப் பட்டியல் ஒண்ணு இருக்கும். நான் பெட்டி கட்டினப்போ அதுல தாய்லாந்து மொழி இருந்துது, வியட்நாமியம் இருந்துது, பின்லாந்து மொழி இருந்துது. தமிழ் மட்டுமில்லை, இந்தியும் இல்லை. பின்லாந்துல மொத்தமே 55 லட்சம் பேர்தான். 2011 கணக்கெடுப்புல எங்க கிருஷ்ணகிரி மாவட்டம் மட்டும் 18 லட்சத்துக்கும் மேல, அதாவது மூணு கிருஷ்ணகிரி சேர்ந்தா ஒரு பின்லாந்து :-) எண்ணிக்கை பார்த்து எவனும் மொழி சேர்க்கிறதில்லை, எவன் கார்டுல காசு இருக்குன்னு பார்த்துத்தான் சேர்க்கிறான். இது என் சொந்தக் கருத்து, சண்டைக்கு வராதீங்க.

ஆக, தமிழ்ச் சொல்லை வாங்கி ஆங்கிலச் சொல்லா மாத்தி அனுப்ப ஒரு குட்டி அகராதி நானே கட்டணும். கட்டும்போதுதான் வேடிக்கை. தாமரை, மயில், விளக்கு, யானை எல்லாம் அழகா வந்துடும். "களி"ன்னு அடிச்சா என்னத்தை அனுப்பறது? கேழ்வரகுக் களி எங்க பக்கம் மூணு வேளைச் சாப்பாடு. ஆங்கிலத்துல கேழ்வரகு உருண்டைன்னு அனுப்பினா லட்டு வருது. கன்னடத்துல சொல்ற மாதிரி "ராகி முத்தே"ன்னு அனுப்பினேன், ஆவி பறக்கப் பறக்க வந்து நிக்குது! அந்தப் பக்கம் பெங்களூருக்காரங்க எடுத்துப் போட்டிருக்காங்க, தங்கள் பேரை எழுதியிருக்காங்க. அதே களி, அதே சாம்பார். எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிறதுக்கு மட்டும் படம் இல்லை. எருது விடும் விழான்னு தேடினா ஸ்பெயின் காளை வருது. தெருக்கூத்துக்கு ஏதேதோ முகமூடி.

இங்கதான் விக்கிமீடியா காமன்ஸ் கைகொடுத்துது. 2004ல ஆரம்பிச்சது, பத்து கோடிக்கும் மேல கோப்புகள், அதுக்கும் ஏபிஐ உண்டு. அதைவிட முக்கியம், அங்கே தமிழ்ல விளக்கம் எழுதின படங்கள் இருக்கு. நம்ம தமிழ் விக்கிப்பீடியாக்காரங்க 2011 கடைசியில ஆரம்பிச்சு 2012 வரைக்கும் ஒரு ஊடகப் போட்டி நடத்தினாங்களே, ஞாபகம் இருக்கா? தமிழர் வாழ்க்கையைப் படம் பிடிச்சு ஏத்துங்கன்னு. தமிழில் புகைப்படக்கலைன்னு 2007ல ஒரு கூட்டு வலைப்பதிவு ஆரம்பிச்சு மாசாமாசம் போட்டி வெச்சதும் நினைவுக்கு வருது. அப்போ "ஏன்யா சோத்துப் பானையெல்லாம் படம் எடுக்கறீங்க"ன்னு கிண்டல் பண்ணவங்க உண்டு. இன்னிக்கு என் ஆப்புல ஒருத்தர் "உரல்"னு அடிச்சா உரல் வருதுன்னா அப்படிப்பட்ட ஆளுங்க எடுத்துப் போட்டதாலதான்.

காமன்ஸ்ல ஒரு சிக்கல். அங்கே ஒவ்வொரு படத்துக்கும் உரிமம் தனித்தனி. பெரும்பாலானதுக்கு எடுத்தவர் பேரைப் போட்டே ஆகணும். அன்ஸ்ப்ளாஷுக்கு ஆப்புக்குள்ள தேடற இடத்துல பேரைக் காட்டினாப் போதும், கார்டுல போடறது உன் விருப்பம். காமன்ஸ் படத்துக்கு அப்படி இல்லை, கார்டு எங்கே போனாலும் பேர் கூடவே போகணும். சரின்னு ஒரு காதுகுத்துக் கார்டுல கீழே சின்ன எழுத்துல எடுத்தவர் பேரைப் போட்டு மச்சான்கிட்டக் குடுத்தேன்.

எங்க பக்கம் பத்திரிகையில பேர் வரிசைங்கறது விளையாட்டு இல்லை. தாய்மாமன் பேர் ஒரு வரி கீழே போனதுக்கு மூணு வருஷம் பேசாம இருந்த குடும்பம் எனக்கே தெரியும். அந்தக் கார்டைப் பார்த்த தாத்தா ஒருத்தர் கண்ணாடியை ஏத்திவிட்டுக்கிட்டு, "தாய்மாமனுக்குக் கீழே போட்டிருக்கே இந்தப் பேரு, இது எந்த ஊர் பங்காளி? வெள்ளைக்காரன் பேரு மாதிரி இருக்கே"ன்னாராம். மச்சான் போன் பண்ணிக் கத்தறார். அப்புறம் "படம் எடுத்தவர்"னு முன்னாடி போட்டு, ஓரமா நெட்டுக்குத்தா எழுதற மாதிரி மாத்தினேன். அப்படிப் போட்டா சொந்தக்காரன்னு யாரும் நினைக்கறதில்லை.

இப்போ மாங்காய்.

போன சீசன்ல மா மண்டிக்காரர் ஒருத்தருக்குக் கார்டு வேணும். கிருஷ்ணகிரி மாம்பழம்னா பெங்களூரா. பாதிக்கு மேல கூழ் தொழிற்சாலைக்குத்தான் போகும். நீளமா, நுனி வளைஞ்சு இருக்கும். பெட்டியில தேடினா சிவப்பும் பச்சையும் கலந்த குண்டு மாம்பழமா வருது. மெக்ஸிகோவோ பிரேசிலோ, நம்ம பழம் இல்லை. மண்டிக்காரர், "இதைப் போட்டா என்னை மாங்கா மடையன்னு சொல்லுவான்"னார். வாஸ்தவம்.

சரி, இல்லைன்னா நாமே எடுத்துப் போடுவோம், நாலு பேருக்கு உதவும்னு கேமராவை எடுத்துக்கிட்டு எங்க அத்தை தோப்புக்குப் போனேன். அத்தை மரத்தடியில உக்காந்து காய் பிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. கூழுக்குப் போறது தனி, சந்தைக்குப் போறது தனி. சொல்லிட்டுத்தான் எடுத்தேன். நாப்பது படத்துல ஒண்ணு அப்படி அமைஞ்சுது. காலை வெயில் இலை வழியா அவங்க முகத்துல விழுது, கையில ஒரு பெங்களூரா, எதையோ நினைச்சு லேசா ஒரு சிரிப்பு. எனக்கே ஆச்சரியம், நானா எடுத்தேன்னு.

ஏத்தறதுக்கு முன்னாடி அத்தைகிட்டக் காட்டினேன். பார்த்துட்டு ரொம்ப நேரம் வெச்சுக்கிட்டு இருந்தாங்க. அப்புறம், "இதை எங்க போடுவே கண்ணு?"

"இன்டர்நெட்ல அத்தை. யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்."

"எடுத்து?"

"எதுக்கு வேணும்னாலும் போட்டுக்கலாம். காலண்டர், பேப்பர், விளம்பரம்."

"என்ன விளம்பரம்?"

பதில் சொல்ல வேண்டியிருந்துது. 2007ல ஆஸ்திரேலியாவில விர்ஜின் மொபைல் கம்பெனி, ஃப்ளிக்கர்ல கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல இருந்த ஒரு படத்தை எடுத்துப் பெரிய விளம்பரமா ஒட்டுச்சு. படத்துல இருந்தது அமெரிக்காவில டெக்ஸாஸ்ல ஒரு பள்ளிக்கூடப் பொண்ணு. எடுத்தவர் உரிமம் குடுத்திருந்தார், அந்தப் பொண்ணை யாரும் கேட்கலை. குடும்பம் வழக்குப் போட்டுது. ஆஸ்திரேலியக் கம்பெனி மேல டெக்ஸாஸ்ல வழக்கு நடத்த முடியாதுன்னு 2009ல தள்ளுபடி ஆயிடுச்சு. நம்ம நாட்டுலயே 2021ல, வீடு கட்டித் தர்ற அரசுத் திட்டத்துல வீடு கிடைச்ச பெண்மணின்னு கல்கத்தா நாளிதழ் விளம்பரத்துல ஒரு அம்மா சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. செய்தியாளர்கள் தேடிப் போனா, அவங்க வாடகை அறையில இருக்காங்க, படம் எப்போ எடுத்தாங்கன்னே தெரியாதுன்னாங்க. உரிமம்ங்கறது படத்துக்குத்தான், அதுல இருக்கிற முகத்துக்கு இல்லை. பெரிய ஸ்டாக் கம்பெனிகள் முகம் தெரியற படத்தை விளம்பரத்துக்கு விக்கணும்னா அந்த ஆளோட கையெழுத்து வாங்கச் சொல்லுவாங்க. இலவசத் தளங்கள், "முகத்துக்கு அனுமதி வாங்கறது எடுத்துப் பயன்படுத்தறவன் பொறுப்பு"ங்கற மாதிரி எழுதி வெச்சிருக்கும். போச்சம்பள்ளி வரைக்கும் எவன் வரப்போறான்?

இதெல்லாம் அத்தைக்குத் தமிழ்ல சொன்னேன். அந்தக் கல்கத்தா அம்மா கதையில மட்டும் "அட பாவமே"ன்னாங்க. அப்புறம் காயைப் பிரிச்சுக்கிட்டே பேசினாங்க.

"ஒர மூட்டையில போட்டான்னா போட்டுட்டுப் போறான். சோப்புல போட்டாலும் போகட்டும். கடன் குடுக்கறேன்னு வர்றானுங்க பாரு, அவன் நோட்டீஸ்ல என்னைப் போட்டான்னா? குழுக் கடனை நாலு வருஷம் வாராவாரம் கட்டினவ நான். உங்க மாமா கடைசி வரைக்கும் அதை நினைச்சேதான் போனாரு. நான் சிரிச்சிக்கிட்டு வாங்க வாங்கன்னு கூப்புடற மாதிரி ஊரே பார்க்கணுமா?"

அத்தை கேட்கிற உரிமம், உரத்துக்குச் சரி, சோப்புக்குச் சரி, கடனுக்கு மட்டும் கூடாது. அப்படி ஒண்ணு உலகத்துல கிடையாது. வணிகத்துக்குக் கூடாதுன்னு ஒரு வகை உண்டு, ஆனா அது போட்டா காமன்ஸ்ல சேர்த்துக்கவே மாட்டாங்க. எல்லாத்துக்கும் திற, இல்லைன்னா மூடு.

மூடியாச்சு. படம் அத்தை வீட்டுச் சுவர்ல மாமா படத்துக்குப் பக்கத்துல இருக்கு. ஏத்தினது வேற ஒண்ணு. அத்தையே தேர்ந்தெடுத்தாங்க, கையும் மாங்காயும் மட்டும். "வளையலைப் பார்த்தே கண்டுபுடிச்சிருவாளுங்க, பரவால்ல"ன்னு ஒரு சிரிப்பு. மண்டிக்காரர் கார்டுல அதுதான் போச்சு.

பெட்டியிலயும் ஒரு மாற்றம் பண்ணியிருக்கேன். ஆப்புக்குள்ள இருந்து நம்ம ஆளுங்க படம் ஏத்தற வசதியில, "இதுல யார் முகமாவது தெரியுதா?"ன்னு ஒரு கேள்வி. தெரியுதுன்னா அடுத்த பக்கம், "இந்தப் படம் கடன் விளம்பரத்துல, அரசியல் நோட்டீஸ்ல, மருந்துக்கடை போர்டுல வரலாம். அவங்ககிட்டச் சொல்லியாச்சா?" நண்பர் ஒருத்தர், "இப்படிக் கேட்டா எவன் ஏத்துவான்?"னார். உண்மைதான். ஒரு மாசத்துல ஏறினது பதினோரு படம், அதுல ஒன்பது கோழி.

அகராதி இப்போ அறுநூத்துச் சொச்சம் சொல்லுல நிக்குது. இதுக்குத்தான் உங்க உதவி வேணும். பெங்களூரா மாங்காயைச் சென்னைப் பக்கம் கிளிமூக்குங்கறாங்க, அதைச் சேர்த்தாச்சு. மதுரை, நெல்லை, யாழ்ப்பாணம் பக்கம் என்ன சொல்லுவீங்க? அப்படியே முறம், உறி, குதிர் இதுக்கெல்லாம் உங்க ஊர்ல வேற பேர் இருந்தா பின்னூட்டத்துல போட்டுட்டுப் போங்க மக்களே.